ஆணி அடிக்கக் கூடாத சுவர்

என்னோடு சேர்ந்து நரைத்துக்கொண்டிருக்கும் உங்களிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். நாம் கோபப்பட்டதைச் சொல்லிக்கொள்கிறோம். அழுததையும் ஏமாந்ததையும், வயிற்றுக் கோளாறையும்கூடச் சொல்லிக்கொள்கிறோம். பொறாமையை மட்டும் அடுத்தவருடைய குணமாகவே வைத்துக்கொண்டு இத்தனை வருடங்களை ஓட்டிவிட்டோம். என்னிடம் அது பதினான்காம் வயதில், ஒரு மழைக்காலத்தில், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து வந்தது. எழுபதுகளின் நடுவில் ஏதோ ஓர் ஆண்டு. பாகூர் ஏரி தளும்பி, கரையோர வயல்களெல்லாம் தண்ணீரில் நின்ற ஆண்டு என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் வீடு ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்ததாம். தாத்தா இறந்த பிறகு பெரியப்பாவும் அப்பாவும் நடுவில் ஒரு சுவர் எழுப்பி அதை இரண்டாக்கிக்கொண்டார்கள். பின்கட்டுக் கிணறு பொது. பாகூர் கடைத்தெருவில் இருந்த துணிக்கடையும் பொது. அண்ணனும் தம்பியும் காலையில் ஒன்றாகவே சைக்கிளில் புறப்படுவார்கள், இருட்டியதும் ஒன்றாகவே திரும்புவார்கள். அடுப்பும் சாமி மாடமும் கௌரவமும் மட்டும் தனித்தனி. இரண்டு பாதிகளுக்கும் தெருவைப் பார்த்த ஓர் அறை உண்டு. அவர்களுடைய அறையில் நெல் மூட்டைகள் இருந்தன. எங்களுடையதில் கடையில் விற்காமல் தேங்கிய துணிக்கட்டுகள் இருந்தன. புதுத்துணியின் கஞ்சி வாசனையும் எலிப்புழுக்கையின் வாசனையும் கலந்த அந்த நாற்றம் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே வரவேற்கும்.

பெரியப்பாவின் மகளும் நானும் ஒரே வகுப்பு. அவள் என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள். அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று பெரியம்மா சொல்வார், நான் கூப்பிட்டதில்லை. பாகூர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். எங்கள் ஊரிலிருந்து ஏரிக்கரைச் சாலை வழியாக நடக்க வேண்டும். தெற்குத் தெருவில் இறுதி வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவின் பின்னால்தான் இருவரும் போய்வந்தோம். ஆவணியில் அந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அதோடு எங்கள் படிப்பும் நின்றது.

சாலை திரும்பும் இடத்தில் சாராயக்கடை இருந்தது. வயதுக்கு வந்த இரண்டு பெண்கள் துணையில்லாமல் அதைக் கடந்து போவதை எங்கள் வீட்டில் யாரும் ஏற்கவில்லை. சைக்கிளின் பின்னால் மகளை உட்காரவைத்துக் கடைத்தெருவுக்குள் போவது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒப்பவில்லை. ஒரு துணை கிடைக்கும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று இரண்டு வீட்டிலும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். புரட்டாசி முழுவதும் நாங்கள் இருவரும் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டு, எந்தப் பாடம் எதுவரை போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். நீண்ட நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அவள் சொன்னாள். எனக்கு அது தெரியும். அவள் வாயால் கேட்டபோதுதான் பயம் வந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு டீச்சர் காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்தார். எங்கள் உயர்நிலைப் பள்ளிக்குத்தான். தனியாக இருப்பவர். அடிக்கடி ஒற்றைத் தலைவலி வரும். கடைத்தெருவில் தங்கியிருந்த அறைக்குக் கீழே ரைஸ்மில் ஓடியதாம். ஒரு நாள் எங்கள் கடைக்குத் திரைத்துணி வாங்க வந்தவர், சத்தமில்லாத இடமாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஓர் அறை கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார். கல்லாவில் இருந்த பெரியப்பாவும், துணி கிழித்துக்கொண்டிருந்த அப்பாவும், ஒரே நொடியில், "எங்க வூட்ல இருக்குது டீச்சர்" என்று சொன்னார்களாம். டீச்சர் சிரித்துவிட்டு, தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டையும் பார்ப்பதாகச் சொல்லிப் போனார்.

இதை அப்பா சாப்பாட்டின்போது சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே, "டீச்சர் நம்ம வூட்டுக்கு வந்தா இவ அவங்க கூடவே போயிட்டு வரட்டும். இல்லன்னா ஒம்போதோட வுட்டுடலாம். வேற வழி இன்னா இருக்குது?" என்றார்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கமும் இதே நேரத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அங்கும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள் என்பது மறுநாள் கிணற்றடியில் தெரிந்தது. அவள் வாளியை இறக்கிக்கொண்டே, டீச்சர் தங்கள் வீட்டுக்கு வருவதாக முடிவாகிவிட்டது போலப் பேசினாள். நானும் அப்படியே பேசினேன். ஒரு மாதமாக ஒரே பாடத்தை இருவரும் சேர்ந்து யோசித்த இடத்தில், அன்றைக்கு ஒரே கயிற்றை இருவரும் இழுத்தோம்.

பெரியம்மா வேலையை முதலில் தொடங்கினார். நெட்டப்பாக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது அவர் ஒரு கூடத்தைப் பார்த்திருக்கிறார். அந்தக் கூடத்தின் சுவரில் பூங்கொடியை வண்ணத்தால் வரைந்திருக்கவில்லை. அது சுவரிலிருந்து புடைத்து எழுந்து நின்றதாம். அந்த வேலையைச் செய்த கொத்தனாரையே தேடிப் பிடித்து வரவழைத்தார். நெல் மூட்டைகள் பின்கட்டுக்குப் போயின. அறை காலியாயிற்று.

நான் தெருவில் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் கொத்தனார் சுவரை நனைத்துத் தேய்த்து, வடிகட்டிய சுண்ணாம்பு அடித்தார். வெந்நீரில் மயில்துத்தக் கட்டிகளைக் கரைத்து அந்த நீலத் தண்ணீரைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினார். ஈரத்தில் அழுத்தமாக இருந்த நிறம் காயக் காய வெளுத்து, கடைசியில் நாற்றங்கால் முளைவிட்ட இரண்டாம் நாள் போல, இருக்கிறதா இல்லையா என்று ஒரு பச்சையாக நின்றது. வெயிலில் நடந்து வந்து அதைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் தெளித்தாற்போல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தத் தகட்டை எடுத்தார். விரல் நகத்தைவிடத் தடிப்பான துத்தநாகத் தகடு. கொடியும் இலையும் ஐந்திதழ்ப் பூவுமாக வெட்டி எடுத்த ஓட்டைகள் அதில் இருந்தன. தகட்டைச் சுவரோடு ஒட்டப் பிடித்துக்கொள்வார். பல நாள் ஊறிய சுண்ணாம்புக் களியை, சலித்த வெள்ளைக்கல் பொடியோடு சேர்த்து வெண்ணெய் போல் குழைத்ததைக் கரண்டியால் வழித்து ஓட்டைகளை நிரப்புவார். மேலே ஒரு இழுப்பு. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தகட்டை நேராகப் பின்னுக்கு எடுப்பார். அங்கே பச்சைச் சுவரில் வெள்ளைப் பூ எழுந்து நிற்கும். ஓரம் கூர்மையாக, மேல்பாகம் வழவழப்பாக, தனக்கென்று ஒரு சின்ன நிழலோடு நிற்கும். அந்த நிழல்தான் என்னைக் கொன்றது. கோலத்துக்கு நிழல் கிடையாது. காலண்டர் படத்துக்கும் நிழல் கிடையாது. சுவரில் இருக்கிற ஒரு பூவுக்கு நிழல் விழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

பெரியப்பா மகள் உள்ளே இருந்தாள். கொத்தனாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சன்னலருகே வந்தாள்.

"இன்னா பாக்குற?"

"சும்மாதான். தெருவுல நிக்கக் கூடாதா?"

"நில்லு. உள்ள மட்டும் வராத. பூவு காயற வரைக்கும் யாரும் வரக்கூடாதாம், அம்மா சொல்லிச்சு."

"நானும் யாருமா?"

"யாரும்னா யாருந்தான்டி," என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய மூக்கின் மேல் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இருந்தது. அதுகூட அவளுக்கு அழகாக இருந்தது என்பதுதான் அன்று என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் எங்கள் அறையைப் பார்த்தேன். அழுக்குச் சுண்ணாம்பு, துணிக்கட்டு சாய்ந்து சாய்ந்து விழுந்த கறை, மூலையில் கரையான் ஏறிய தடம். என் படிப்பு முழுவதும் இந்தச் சுவரை நம்பி இருக்கிறது என்று நினைத்தபோது பசியே போய்விட்டது. அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். மாலையில் அவளும் தெருவுக்குப் போய், பால்காரரிடம் பேசுகிற சாக்கில் அந்தச் சன்னலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அம்மாவின் பொறாமையைப் பற்றி நான் நியாயமாக எழுத வேண்டும். அவள் பேராசைக்காரி இல்லை. பெரியம்மாவுக்குத் தங்க வளையல் வந்தபோது அவள் பேசாமல் இருந்தாள். அந்தப் பக்கத்துக்கு முதலில் மின்விளக்கு வந்தபோதும் பேசாமல் இருந்தாள். ஐந்தாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவள் அவள். அந்த மழைக்காலத்தில் அவள் கண்ணில் இருந்தது நகைக்கான பொறாமை அல்ல. அது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது, அவளும் என்னைப் போலவே அந்தப் பூக்களுக்குத்தான் ஏங்குகிறாள் என்று நினைத்தேன்.

அப்பா அந்தக் கொத்தனாரையே கேட்டுப் பார்த்தார். மழை பிடித்துக்கொள்ளப் போகிறது, ஒப்புக்கொண்ட வேறு வேலை கிடக்கிறது, தை பிறந்து வருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். தை வரை டீச்சர் காத்திருக்கப் போவதில்லை. "நாமே செய்யலாம்," என்றாள் அம்மா. துணிக்கட்டுகளைக் கூடத்துக்கு மாற்றினோம்.

துணிக்கடைக் குடும்பத்தில் அட்டைக்குப் பஞ்சமில்லை. சட்டைத் துணி சுற்றி வரும் நீள அட்டைகள் பரணில் அடுக்கிக் கிடந்தன. இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்தாள். கொடியும் பூவும் வேண்டாம், அவர்களைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடும் என்றாள். தன் கல்யாணப் புடவையை எடுத்து வந்து விரித்து, அதன் கரையில் இருந்த மாங்காயை அட்டையில் வரைந்துகொண்டாள். அப்பா சவரக் கத்தியால் வெட்டிக் கொடுத்தார். நிறமும் அவர்களுடையதாக இருக்கக் கூடாது. சுண்ணாம்பில் சிட்டிகை சிட்டிகையாகக் காவியைப் போட்டுக் கலக்கி, கைக்குழந்தையின் உள்ளங்கால் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த நிறம் பச்சையைவிட நன்றாக இருந்தது. 

களியில்தான் பிசகினோம். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைக்க நேரமில்லை. எங்கள் வீட்டில் எதற்கும் கடைசி மருந்து கஞ்சிதான். கடையில் தொங்கவிடும் வேட்டியும் சேலையும் கஞ்சியால்தான் விறைப்பாக நின்றன. தொய்ந்த துணி கஞ்சியில் நிமிர்வதைத் தினமும் பார்த்த அம்மாவுக்குச் சுவரும் ஒரு துணியாகத்தான் தெரிந்தது. சாக்கட்டிப் பொடியில் மைதாக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்தாள். பிடிப்புக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு. பிசைந்த உருண்டை பூரி மாவு போல் இருந்தது. நான் அட்டையை இரு கையாலும் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அவள் தோசைத் திருப்பியால் மாவை அப்பி வழிப்பாள். முதல் மாங்காய் அட்டையோடு வந்துவிட்டது. இரண்டாவது வால் அறுந்து நின்றது. மூன்றாவது முழுதாக நின்றது. அம்மா பின்னால் நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்து அதையே பார்த்தாள். அதற்கும் நிழல் விழுந்தது.

நான்கு சுவரும் முடிந்த அன்று மாலை பெரியப்பா மகள் ஏதோ கேட்க வந்தவள்போல வந்தாள். அறை வாசலில் நின்றாள். வரிசையாக மாங்காய்கள், அவற்றின்மேல் மாலை வெயில். அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். பிறகு, கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விட்டாள். எனக்கு வயிறு நிறைந்தது. தீபாவளிப் பலகாரம் அதற்குப் பிறகுதான் ருசித்தது.

தீபாவளிக்கு மறுநாள் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஏரிக்கரைச் சாலையில் முழங்காலளவு தண்ணீர் என்று அப்பா கடையிலேயே தங்கிவிட்ட நாளும் உண்டு. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அறையில் புளித்த வாடை வந்தது. துணிக்கட்டின் வாடை என்று நினைத்தோம். பிறகு மாங்காய்களின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு படர்ந்தது. அம்மா அதைத் துணியால் ஒற்றி எடுத்தாள். மறுநாள் இன்னும் அடர்த்தியாக வந்தது. எறும்புகள் சுவரில் கோடு போட்டு ஏறின. ஒரு காலையில் கதவைத் திறந்தபோது, இரண்டு கரப்பான்கள் ஒரு மாங்காயின் வாலை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சன்னலோரத்து மாங்காய் ஒன்று நனைந்த அப்பளம்போல் மடங்கி, சத்தமில்லாமல் தரையில் விழுந்தது.

இந்த மழையில் அந்தப் பக்கத்து அறை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் என் மனம் முதலில் ஓடியது. முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். மழைக்கால வெளிச்சத்தில் அந்தப் பச்சை இன்னும் குளிர்ந்திருந்தது. ஒரு பூவின் ஒரு இதழுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. அந்த அறை இடிந்து விழட்டும் என்று நான் நினைக்கவில்லை. அது என்னுடையதாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அது இன்னும் மோசமானது என்று இப்போது தோன்றுகிறது.

டீச்சர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்தினம் அம்மா தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு மிச்சமிருந்த மாங்காய்களைச் சுரண்டி எடுத்தாள். ஒரு முறம் நிறைய வந்தது. அவை இருந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு போல் பள்ளம். மேலே வெறும் சுண்ணாம்பை ஒரு தரம் பூசினோம். அது காய்வதற்குள் ஞாயிறு விடிந்தது. "வுடு. தலையெழுத்து இன்னாவோ அது ஆவட்டும்," என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

டீச்சர் குடையோடு வந்தார். மெலிந்த உருவம், அவர் வருவதற்கு முன்னால் தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. முறைப்படி மூத்தவர் வீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அப்பாவே சொல்லி அங்கே அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன். அன்று என்னை யாரும் தடுக்கவில்லை.

உள்ளே காலெடுத்து வைத்ததும் டீச்சர் நின்றுவிட்டார். நெற்றியில் சுருங்கியிருந்த தோல் மெல்ல விரிந்ததை நான் பார்த்தேன். "அம்மாடி, எவ்வளவு குளுமையா இருக்கு," என்றார். பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பெரியம்மா பூரித்துப்போனார். பெரியப்பா மகள், அதுவரை அவள் என் தோழியும்தான், சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயரை அடித்துவிட்ட வருகைப் பட்டியலை நான் கண்முன்னே பார்த்தேன்.

டீச்சர் அறையின் மூலைகளை அண்ணாந்து பார்த்தார். "இங்க கொசு ஜாஸ்தியோ?" என்றார்.

ஏரி ஒரு பக்கம், தண்ணீர் நின்ற வயல் மூன்று பக்கம். பெரியம்மா சாமர்த்தியமாக, "சாயங்காலம் சாம்பிராணி போட்டா ஒண்ணும் இருக்காது டீச்சர்," என்றார்.

"இல்லம்மா. எங்க அம்மாவுக்கு யானைக்கால். நான் கொசுவலை இல்லாம ஒரு நாளும் படுக்கறதில்ல. மூலைக்கு ஒண்ணா நாலு ஆணி அடிச்சுக்கறேன்."

பெரியம்மாவின் கை தானாக நீண்டு, பக்கத்தில் இருந்த பூவை மறைத்துக்கொண்டது. "ஆணியா? இதுல அடிச்சா பொளந்துக்கும் டீச்சர். கொத்தனார் கண்டிஷனா சொல்லிட்டுப் போயிருக்காரு. கட்டிலகூட ஒரு சாண் தள்ளித்தான் போடணும். எண்ணெத் தலையோட சாயக்கூடாது. கரண்டு போச்சுன்னா சிம்னி வௌக்க வாசப்படியில வெச்சுக்கலாம், பொகை படக்கூடாது. மத்தபடி உங்க வூடு மாதிரி இருந்துக்கலாம்."

டீச்சர் தலையாட்டினார். மறுபடியும் பூக்களைப் பார்த்தார். இந்த முறை அவர் பார்வை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இனிப்பைப் பார்க்கிற குழந்தையின் பார்வை போல் இருந்தது. பிறகு எங்கள் பக்கத்துக்கு வந்தார்.

அம்மா அறை வாசலிலேயே நின்றாள். டீச்சர் பார்ப்பதற்கு முன்பாகவே மன்னிப்புக் கேட்கும் குரலில், சுவர் கொஞ்சம் பாழாகிவிட்டது, தை பிறந்ததும் சரிசெய்துவிடுவோம் என்று சொன்னாள். டீச்சர் பள்ளங்களைத் தடவிப் பார்த்தார். விரலில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது.

"இதுல ஆணி அடிக்கலாமா?"

அம்மா ஒரு கணம் விழித்தாள். "எத்தினி வேணுமோ அடிச்சுக்குங்க," என்றாள்.

அன்று மாலையே டீச்சர் எங்கள் அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா நான்கு நீள ஆணிகளை அடித்தார். நடுச்சுவரில் அடித்தவை இரண்டு. அந்தச் சத்தம் மறுபக்கத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அம்மா மட்டும், ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் முகத்தில் வருத்தம் இல்லை.

இத்தனை ஆண்டுகளில் இதை நான் பல தடவை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். கட்டிலின் நான்கு கால்களில் நான்கு மூங்கில் கழிகளைக் கட்டியிருந்தால் கொசுவலை நின்றிருக்கும், பூக்களும் பிழைத்திருக்கும். பிரசவ ஆஸ்பத்திரியில் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். இரண்டு அம்மாக்களும் அங்கே பிள்ளை பெற்றவர்கள்தான். யாருக்கும் அது தோன்றவில்லை. அதைவிட எளியது ஒன்றும் இருந்தது. டீச்சர் எந்தப் பாதியில் தங்கினாலும் தெரு ஒன்றுதான், சாலை ஒன்றுதான். அவர் பின்னால் ஒரு பெண் போவதற்குப் பதிலாக இரண்டு பெண்கள் போயிருக்கலாம். படித்த டீச்சருக்கு அது முதல் நாளே தெரிந்தது. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும், ஒரே கடையில் ஒரே கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு, தெரியவில்லை. எங்கள் இருவருக்குமே தெரியவில்லை என்பதை எண்ணும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு வீட்டுக்கு வந்த டீச்சர் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மட்டுமே உரியவர் என்று நாங்கள், கேள்வியே இல்லாமல், நம்பியிருந்தோம்.

திங்கட்கிழமை நானும் டீச்சரும் புறப்பட்டோம். மழை விட்டிருந்தது. பெரியப்பா வீட்டு வாசலில் டீச்சர் நின்றார். உள்ளே பார்த்து, உங்கள் பெண்ணும் இதே வகுப்புதானே, அவளையும் அனுப்புங்கள், மூவருமாகப் போய்விடுவோம் என்றார். பெரியப்பா மகள் கூடத்தில் நின்றிருந்தாள். பின்னலிட்டு, பாவாடை தாவணியைச் சரியாக உடுத்தி, புறப்படத் தயாராக இருந்தவளைப் போலத்தான் நின்றிருந்தாள். பெரியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். டீச்சரிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"இவளுக்கு இனிமே வூட்ல வேல இருக்குது டீச்சர். நீங்க உங்க வூட்டுப் பொண்ண இட்டுக்கினு போங்க."

உங்கள் வீட்டுப் பெண். நான் பிறந்ததிலிருந்து பெரியம்மா கையில் சோறு வாங்கித் தின்றவள். டீச்சர் இன்னும் ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகும் வேறு வேறு நாட்களில் கேட்டார். பெரியப்பாவிடம் கடையிலேயே போய்ப் பேசினார். "வூட்ல இருக்கறவங்க முடிவு டீச்சர்," என்று அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னாராம். அப்பா பக்கத்திலேயே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி மனம் நோகும் என்று பயந்ததாகப் பின்னாளில் சொன்னார். மார்கழியில் அவளுடைய பெயரை அடித்தார்கள். எனக்கு முந்தின பெயர் அது. அதற்குப் பிறகு வருகை எடுக்கும்போது என் முறை சற்று முன்னதாகவே வந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது நான் வென்றவளாகவும் அவள் தோற்றவளாகவும் உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அன்று அப்படித் தோன்றவில்லை. டீச்சரின் கொசுவலை கட்டிய அறையில், அவருடைய தைலத்தின் நெடியில், மூலையில் பாயைப் போட்டு நான் படித்தேன். என் முன்னால் அம்மைத் தழும்புச் சுவர். மறுபக்கத்தில் அந்தப் பச்சை அறை யாருக்கும் வாடகைக்குப் போகாமல் பெரியப்பா மகளுக்கே வந்துவிட்டது. அவள் அங்கே உட்கார்ந்து பூ கட்டினாள், ஊசிவேலை செய்தாள். போகும்போதும் வரும்போதும் என் கண் அந்தச் சன்னலுக்குப் போகும். பள்ளியும் கிடைத்து, அந்த அறையும் எனக்கே கிடைத்திருக்கலாகாதா என்று ஒவ்வொரு நாளும் எண்ணினேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நிறைந்த வயிற்றோடு இன்னொரு இலையைப் பார்க்கும் பொறாமை அது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நானும் டீச்சரும் பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது பெரியப்பா வீட்டு வாசலில் ஒரு வில்வண்டியும் புழுதி படிந்த செருப்புகளும் இருந்தன. உறுவையாறு ஊரிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். டீச்சர் நிற்காமல் உள்ளே போய்விட்டார். நான் சன்னலருகே நின்றேன்.

அவளை அந்த அறையில்தான் உட்காரவைத்திருந்தார்கள். பச்சைச் சுவர், அதன்மேல் வெள்ளைப் பூக்கள், ஒரு சாண் முன்னால், எதன்மேலும் சாயாமல், அரக்குப் பட்டில் அவள். தலை நிறையக் கதம்பம், காதில் பெரியம்மாவின் கம்மல். வந்திருந்த பெண்கள் சுவரைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி சுவரைப் பார்த்தார்கள். அவளுக்கு அந்த வீட்டில் அதுவரை யாரும் இத்தனை மரியாதை காட்டியதில்லை. என் காலில் ஏரிக்கரைச் சேறு. தாவணியில் மசிக் கறை. அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று என் மனம் முழுவதும் கசந்து எரிந்தது.

மாப்பிள்ளையின் தாய் அவள் முகவாயைத் தொட்டு, கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். அவள் நிமிர்ந்தாள். வந்தவர்களில் யாரையும் அவள் பார்க்கவில்லை. சன்னல் கம்பிகளுக்கு வெளியே நின்ற என்னைக்கூடப் பார்க்கவில்லை. என் தோளில் தொங்கிய புத்தகப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.